எவர்சில்வர் ஏறாத மாடி

கல்லுக்காரரைப் போல மீனுக்காக உயிரை விட்ட மனிதர் எந்தக் கடலோர ஊரிலும் பிறந்திருக்க முடியாது. அதற்குக் கடலே இல்லாத கோயமுத்தூர்ப் பக்கம்தான் பிறக்க வேண்டும். அதிலும் கிணத்துக்கடவில் தென்னந்தோப்புக்கு நடுவே பிறக்க வேண்டும். அதிலும் முட்டைகூடத் தொடாத சைவமாக வளர வேண்டும். இந்த மூன்று பொருத்தமும் கூடிய ஒரே ஆள் அவர்தான். மீன் தலைகளுக்காக அவர் அலைந்ததில் கால்வாசி பெண் பார்க்க அலைந்திருந்தால், ஜில்லாவில் பாதி ஊர் அவருக்கு மாமியார் ஊராகியிருக்கும்.

அவரை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரும். கூடவே ஒரு பழைய பயமும் வரும். என் மகள் நித்யா இப்போது பத்தாம் வகுப்பு. நான் ஒரு தடவை கூப்பிட்டு அவள் "என்னம்மா" என்று சொல்லாவிட்டால், அடுப்பை அணைத்துவிட்டு ஓடிப்போய் அவளுடைய வலது காதைப் பார்ப்பேன். தோழிகள் இருந்தாலும் பார்ப்பேன். "அது நடந்து எத்தனை வருஷம் ஆச்சும்மா" என்று பல்லைக் கடிப்பாள். எத்தனை வருஷம் ஆனால் என்ன? மலையாளக் கரையில், பொன்னானிக் கடலில் நீந்திக்கொண்டிருந்த ஒரு கிழட்டு மீனின் காதுக்குள் இருந்த கல், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என் மகள் காதுக்குள் இருந்தது. அந்தக் காது இனிக் கேட்குமா கேட்காதா என்று டாக்டர் வீட்டு வராந்தாவில் நின்றவள் நான். அந்த நடுக்கம் வருஷத்தைக் கணக்கெடுத்துக்கொண்டு போகிற நடுக்கம் இல்லை.

தொண்ணூறுகளின் தொடக்கம். கணபதியில், சத்தி ரோட்டுக்குப் பின்னால், ருக்குமணியக்கா வீட்டின் கீழ்ப்பகுதியில் நாங்கள் குடியிருந்தோம். என் வீட்டுக்காரர் பம்ப்செட் விற்பனையில் இருந்தார். வாரத்தில் பாதி நாள் வெளியூர். நான் ஒரு மில் ஆபீசில் டைப்பிஸ்ட். வீட்டுக்குச் சொந்தக்காரரான ருக்குமணியக்கா பக்கத்துப் போர்ஷனில் தனியாக இருந்தார். மாடியில் ஒற்றை அறை காலியாகக் கிடந்தது. 'வாடகைக்கு' போர்டைப் பார்த்துவிட்டு ஒரு நாள் காலையில் ஒல்லியாக, உயரமாக, சட்டைப் பையில் மூன்று பேனாக்களோடு ஒருவர் வந்து நின்றார்.

"தம்பி என்ன வேலைங்க?" என்றார் அக்கா.

"பவுண்டரியில கெமிஸ்ட்டுங்க. இரும்பு காச்சறப்ப அதுல என்னென்ன எவ்வளவு கலந்திருக்குதுன்னு சோதிச்சுச் சொல்றதுங்க."

"கவுச்சி சமைப்பீங்களா? நம்மூட்டுல ஆகாதுங்க."

"நான் சைவமுங்க அக்கா. முட்டைகூடத் தொட மாட்டனுங்க."

அக்கா முகம் மலர்ந்து சாவியைக் கையில் கொடுத்துவிட்டார். அவர் சாவியை வாங்கிப் பையில் போட்டுக்கொண்ட பிறகு சொன்னார்: "மீன் தலை மட்டும் கொண்டாருவேனுங்க."

"ஏனுங்க?"

"காதுக்குள்ள கல்லு இருக்குதுங்க."

"உங்களுக்குங்களா?"

"மீனுக்குங்க."

கொடுத்த சாவியைத் திருப்பிக் கேட்பது மரியாதையில்லை என்பதால் அவர் குடிவந்தார். எங்கள் ஊரில் மரியாதையால் நடந்த விபத்துகள் ஏராளம். அதில் இதுவும் ஒன்று.

பவுண்டரி வேலை அவருக்குச் சோற்றுக்கு. உயிர் என்னவோ அவர் பகுதிநேரமாகச் செய்துகொண்டிருந்த ஆராய்ச்சியில்தான் இருந்தது. கத்தாழை என்று ஒரு கடல் மீன். மேற்கே மலையாளக் கரையிலும் பிடிபடுகிறது, கிழக்கே ராமேஸ்வரம் பக்கமும் பிடிபடுகிறது. இரண்டும் ஒரே கூட்டமா, கன்னியாகுமரியைச் சுற்றிக்கொண்டு போக்குவரத்து வைத்திருக்கிறதா, அல்லது இது வேறு கூட்டம் அது வேறு கூட்டமா? இதுதான் கேள்வி. மீனிடம் கேட்க முடியாது. ஆகவே மீனின் காதுக்குள் இருக்கும் கல்லிடம் கேட்கலாம் என்பது அவர் கட்சி.

தெருக் குழாயில் நல்ல தண்ணீர் வருகிற நாளில் எல்லோரும் குடத்தோடு நிற்கும்போது அவர் இதை விளக்குவார். ஆள் நகர முடியாத இடம் அது ஒன்றுதான் என்று கண்டுபிடித்து வைத்திருந்தார்.

"ஏனுங்க, சிறுவாணித் தண்ணி குடிச்சு வளந்தவன் பல்லைப் பாருங்க, முத்தாட்ட இருக்கும். போர்த் தண்ணி குடிச்சு வளந்தவன் பல்லைப் பாருங்க, காரை கட்டியிருக்கும். அவன் பொறவு எந்த ஊருக்குப் போனாலும் பல்லு சொல்லிப்போடுமில்லீங்க? அதேதானுங்க. மீனு எந்தக் கடல்ல இருக்குதோ அந்தத் தண்ணியில இருக்கற சத்து துளித்துளி அந்தக் கல்லுல போயி ஒக்காந்துக்குது. தினமும் வெங்காயத்துத் தோலாட்ட ஒரு படலம். நடுவுல இருக்கறது குஞ்சா இருந்தப்பக் குடிச்ச தண்ணி, ஓரத்துல இருக்கறது சாகறப்பக் குடிச்ச தண்ணி. ஒருக்கா ஒக்காந்தது எந்திரிச்சுப் போகாதுங்க."

"சரிங்க தம்பி, கொடத்தை நகத்துங்க," என்பார் வரிசையில் பின்னால் நிற்பவர்.

அந்தச் சத்துகளுக்கு ஸ்ட்ரான்ஷியம், பேரியம் என்று பெயரும் சொன்னார். ருக்குமணியக்கா ஸ்ட்ரான்ஷியம் என்பதை அவருடைய ஒன்றுவிட்ட தங்கச்சி என்று கொஞ்ச நாள் நினைத்திருந்ததாகப் பின்னால் தெருவில் ஒரு பேச்சு உண்டு. அது வதந்தி. அக்கா அதைவிட விவரமானவர்.

இப்படித்தான் அவர் கல்லுக்காரர் ஆனார். சொந்தப் பெயர் வாடகை ரசீதில் மட்டும் இருந்தது. பெயர் பரவியதும், அவிநாசி ரோட்டிலிருந்து ஒருவர் வந்து, ஏழரைச் சனி நடக்கிறது, மோதிரத்துக்கு எந்தக் கல் நல்லது என்று கேட்டார். கல்லுக்காரர் அவரை உட்கார வைத்து மத்தியானம் வரை கத்தாழை மீனைப் பற்றிப் பேசினார். வந்தவர் எழுந்து கும்பிட்டு, "சனியே தேவலைங்க, வாரேனுங்க," என்று போனார்.

பல் விவகாரமும் அத்தோடு நிற்கவில்லை. அக்காவின் அண்ணன் மகளைப் பெண் பார்க்க எங்கள் வீட்டுக்கே மாப்பிள்ளை வீட்டார் வந்திருந்தார்கள். பையன் பிறந்து வளர்ந்ததெல்லாம் டவுன்தான், ஆர்.எஸ்.புரத்தை விட்டு வெளியே போனதில்லை என்று அவன் மாமா சொல்லிக்கொண்டிருந்தார். மாடிக்குப் போகிற வழியில் கல்லுக்காரர் பையன் சிரித்ததைப் பார்த்துவிட்டார். நின்று, குனிந்து, இன்னொரு தடவை சிரிக்கச் சொன்னார். பையனும் மரியாதைக்குச் சிரித்தான்.

"ஆர்.எஸ்.புரம் இல்லீங்க. சோமனூருக்கு அக்கட்ட, போர்த் தண்ணி. பத்துப் பன்னெண்டு வயசு வரைக்கும் அங்கதானுங்க இருந்திருக்கோணும்."

மாமா வாயில் கேசரியோடு அப்படியே உட்கார்ந்திருந்தார். பையன்தான் உண்மையை ஒப்புக்கொண்டான். சோமனூர்ப் பக்கம் பாட்டன் வீட்டில், தறிச் சத்தத்தில் வளர்ந்தவனாம். பெண்ணுக்கு அது பிடித்துப்போய் அவனையே கட்டிக்கொண்டாள். கல்லுக்காரரைக் கல்யாணத்துக்கு அழைத்தார்கள். யாரிடமும் பேசும்போது வாயைப் பார்க்கக் கூடாது என்ற நிபந்தனையோடு.

உக்கடம் மீன் மார்க்கெட்டில் அவரைக் கண்டாலே கடைக்காரர்களுக்குக் கொண்டாட்டம். எல்லோரும் மீனை வாங்கித் தலையை விட்டுப் போவார்கள்; இவர் தலையை வாங்கி மீனை விட்டுப் போவார். ஒரு நாள் அவசரத்துக்கு அந்தப் பக்கம் போன நான் கண்ணால் பார்த்தேன். கர்ச்சீப்பால் மூக்கைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"இது எந்தக் கடல் மீனுங்க?"

கடைக்காரர் ஐஸைத் தள்ளிக்கொண்டே கேட்டார்: "உங்களுக்கு எந்தக் கடல் வேணும்?"

"நெசத்தச் சொல்லுங்க."

"ராமேஸ்வரம்னா ராமேஸ்வரம். பொன்னானின்னா பொன்னானி. உங்க மனசு சந்தோஷமாப் போகணும், அவ்வளவுதான்."

அதோடு மார்க்கெட்டை நம்புவதை விட்டார். லீவு கிடைத்தபோதெல்லாம் இரண்டு கரைக்கும் பஸ் ஏறினார். படகுத் துறையில் நின்று, தன் கண் முன்னால் இறக்கிய மீனின் தலையை மட்டும் வாங்கி, ஐஸ் டப்பாவில் வைத்து, மாற்றி மாற்றிப் பஸ் பிடித்துக் கணபதிக்குக் கொண்டுவருவார். அவர் ஏறும் டவுன் பஸ்ஸில் அவரைச் சுற்றி எப்போதும் சீட் காலியாக இருக்கும். "கல்லுக்காரர் வர்ற பஸ்ஸுன்னா சொல்லுங்க, கைக்குழந்தைக்கு இடம் கிடைக்கும்" என்று பெண்கள் காத்திருந்து ஏறுவார்கள்.

இதெல்லாம் வெளியே. மாடி அறைக்குள் வேறு ராஜ்யம். அந்தக் கல்லில் இருக்கிற சத்து அத்தனை நுணுக்கமானதாம். ஒரு இரும்புக் கத்தி பட்டால் போதும், மீன் குடித்த தண்ணீரின் கணக்கோடு கத்தியின் கணக்கும் சேர்ந்துவிடுமாம். எங்கள் ஊரிலோ காற்றிலேயே இரும்பு. கொடியில் வெள்ளை வேட்டி காயப்போட்டால் சாயங்காலம் சாம்பல் நிறத்தில் எடுப்போம். ஆகவே அவர் ஜன்னலுக்கு பாலிதீன் ஒட்டினார். பவுண்டரியிலிருந்து வந்ததும் வீட்டுக்குப் பின்னால் பொடக்காளியில் தலை முழுகி, வேறு வேட்டி மாற்றி, அரைஞாண் கயிற்றைக்கூட வெள்ளியிலிருந்து கறுப்புக் கயிற்றுக்கு மாற்றிவிட்டுத்தான் மாடி ஏறுவார். இடுக்கி பிளாஸ்டிக். தட்டு பிளாஸ்டிக். கரண்டி பிளாஸ்டிக். உலோகம் எதுவும் அந்தப் படியைத் தாண்டக் கூடாது.

இது தெரியாமல் ருக்குமணியக்கா முதல் வாரம் எவர்சில்வர் டம்ளரில் காபி கொண்டுபோனார். அவர் கதவடியில் நின்று, "அக்கா, இது உள்ள வரக் கூடாதுங்க," என்றார். அக்கா முகம் சுண்டிப்போய் இறங்கி வந்தார். "அம்மணி, நம்ம டம்ளரு அவருக்கு எளப்பமாப் போச்சுதாட்ட," என்றார் என்னிடம். மறுநாள் பரணிலிருந்து பித்தளை டம்ளரை இறக்கி, பளபளவென்று தேய்த்து, அதில் கொண்டுபோனார். அதுவும் திரும்பி வந்தது. அக்கா இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள் பீரோவைத் திறந்து, தன் கல்யாணத்துக்குச் சீராக வந்த வெள்ளி டம்ளரை எடுத்தார். அதுவும் படியேறி, படியிறங்கியது.

"இனித் தங்கத்துக்கு நான் எங்க போவேன்?" என்று படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார் அக்கா.

அவர் பதறி இறங்கி வந்து, அக்கா காலடியில் உட்கார்ந்து, காபியை அங்கேயே குடித்து, டம்ளரைக் கழுவியும் வைத்தார். அன்றிலிருந்து தினமும் காபி படிக்கட்டில்தான். ஒரு கல்லைப் பற்றிப் பேசிப் பேசி அக்காவுக்கு அந்தக் கல்மேல் பாசமே வந்துவிட்டது. வந்த பாசம்தான் வினையானது.

மலையாளக் கரையில் சேர்த்த கற்களை ஒரு நாள் அவர் மெல்லிய பாலிதீன் மூடி மாடி வெயிலில் உலர வைத்துவிட்டு வேலைக்குப் போயிருந்தார். துவரம்பருப்பு அளவில், மங்கிய வெள்ளையில், பிளாஸ்டிக் தட்டு நிறையக் கற்கள். அக்கா பார்த்தார். இத்தனை கஷ்டப்பட்டுக் கொண்டுவந்த கல், பொலிவே இல்லாமல் கிடக்கிறதே என்று மனசு கேட்கவில்லை. எவர்சில்வரில் தொடக் கூடாது என்பது நினைவிருந்தது. ஆகவே மண்சட்டியில் புளியைக் கரைத்து, கற்களை அதில் போட்டு, விளக்கு தேய்க்கிற பக்குவத்தில் ஊற வைத்துவிட்டுக் கோயிலுக்குப் போய்விட்டார்.

அவர் சாயங்காலம் வந்தபோது சட்டியில் நுரை இருந்தது. கற்கள் கடுகாகியிருந்தன, பாதிக் கற்கள் அதுவும் இல்லை.

"சுண்ணாம்புங்க அக்கா," என்றார் சட்டியைக் கையில் எடுத்து. "அந்தக் கல்லு பூராச் சுண்ணாம்புதானுங்க. புளிக்குக் கரைஞ்சுபோயிருங்க."

அக்கா வாயில் முந்தானையை வைத்து அழ ஆரம்பித்தார். அவர்தான் தேற்றினார். "உடுங்க அக்கா. கடல்ல மீனு நெம்ப இருக்குதுங்க," என்று சிரித்தார். அடுத்த வாரமே பொன்னானிக்குப் பஸ் ஏறினார். ஆனால் மழைக்காலம், படகுகள் கரையில் கிடந்தன. பல மாதம் அலைந்துதான் மறுபடி கற்கள் சேர்ந்தன. ஒரு கூட்டத்தைப் பற்றிச் சொல்லக் குறைந்தது இத்தனை மீனாவது வேண்டும் என்று அவருடைய ஆராய்ச்சிக்கு வழிகாட்டிய கைடு ஒரு எண்ணிக்கை சொல்லியிருந்தார். அந்த எண்ணிக்கையைச் சரியாகத் தொட்டார். ஒன்றுகூட உபரி கிடையாது. ஒரு மீனுக்கு இரண்டு கல்; ஒன்றை வயது பார்க்க அறுத்தாகிவிட்டது, மற்றொன்றைத்தான் சத்தை அளக்கிற மெஷினுக்கு வைத்திருந்தார். அந்த மெஷின் வேறு மாநிலத்தில் இருந்தது. நெடுநாள் காத்திருந்து அதில் அவருக்கு நேரம் கிடைத்தது. திங்கட்கிழமை ரயில்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் கதை நடந்தது.

நித்யாவுக்கு அப்போது ஐந்து வயது. கல்லுக்காரர் மாமா என்றால் உயிர். படிக்கட்டில் காபி குடிக்கும் நேரத்தில் அவரைக் கேள்வி கேட்டே கொல்வாள். மீனுக்கு மூக்கு இருக்கா, மீனு தூங்குமா, மீனுக்குக் காது கேக்குமா.

"கேக்குங் கண்ணு. அந்தக் கல்லு இருக்கறதுனாலதான் அதுக்குக் கேக்குது."

இதை அவள் எங்கேயோ பத்திரப்படுத்தி வைத்திருக்கிறாள். எனக்கு எப்படித் தெரியும்? என் குரலுக்கு ஒரு நாளும் அவள் முதல் தடவையில் வந்தது கிடையாது. நானும் எல்லா அம்மாக்களும் கேட்பதைத்தான் கேட்பேன்: "ஏன்டி, உனக்குக் காது கேக்குதா இல்லையா?"

அந்த மத்தியானம் அவர் மறுநாள் பயணத்துக்காக மாடி வராந்தாவில் பாலிதீன் மறைப்புக் கட்டி, கற்களை எடுத்துச் சின்னச் சின்ன பிளாஸ்டிக் குப்பிகளில் போட்டுக்கொண்டிருந்தார். நித்யா சற்றுத் தள்ளி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் தண்ணீர் குடிக்க உள்ளே போனார். நான் கீழிருந்து சாப்பிடக் கூப்பிட்டேன். பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டேன். இறங்கி வந்தாள். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு நின்றாள்.

"என்னடி?"

"இந்தக் காது சரியாக் கேக்கல. கல்லு வெச்சும் கேக்கல."

அவள் கையைப் பிடித்து உள்ளே இழுத்துப்போனேன். விளக்கடியில் பார்த்தால் உள்ளே வெள்ளையாக ஏதோ தெரிந்தது. விரலை விட்டால் இன்னும் உள்ளே போகும். "ஏன்டி இப்படிப் பண்ணினே?" என்று உலுக்கினேன்.

"நீங்கதானே தினமும் காது கேக்கலையான்னு கேட்டீங்க. மீனுக்கு அதை வெச்சாக் கேக்குதாம்," என்றாள் அவள். தர்க்கத்தில் ஒரு ஓட்டை கிடையாது.

என் சத்தத்தில் தெருவே கூடிவிட்டது. ஆளுக்கொரு வைத்தியம். ஒருவர் தேங்காயெண்ணெய் என்றார். ஒருவர் தலைகீழாகப் பிடித்துத் தட்டச் சொன்னார். ருக்குமணியக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். கையில் மண்சட்டி.

"அம்மணி, பயப்படாதீங்க. போன தடவ புளித்தண்ணியில கரைஞ்சுபோச்சுதில்லீங்க? காதுல ரெண்டு சொட்டு விட்டாச் சித்த நேரத்துல தானாக் கரைஞ்சுபோயிரும்."

சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிஷத்தில் எனக்கு அது சரியாகவே பட்டது. பிள்ளையின் தலையைச் சாய்த்தும் விட்டேன். மாடிப்படியில் தடதடவென்று இறங்கி வந்த கல்லுக்காரர் சட்டியை அக்கா கையிலிருந்து பிடுங்கிப் பொடக்காளியில் வீசினார். அவர் குரலை உயர்த்தி நாங்கள் கேட்டதே இல்லை.

"ஒண்ணும் ஊத்தாதீங்க. யாரும் ஒண்ணும் ஊத்தப்படாது."

கல் கரைந்துவிடும் என்றுதான் பதறுகிறார் என்று நினைத்தேன். எனக்கு வந்த ஆத்திரத்தில், "என்ற பிள்ளை காதைவிட உங்க கல்லு பெருசுங்களா?" என்று கேட்டேவிட்டேன். அவர் தெருமுனைக்கு ஓடி ஆட்டோ கொண்டுவந்தார்.

ஞாயிற்றுக்கிழமை எந்த ஆஸ்பத்திரியில் காது டாக்டர் இருப்பார்? கல்லுக்காரருக்குத் தெரிந்த ஒரு வயதான காது டாக்டர் வீட்டுக்குப் போனோம். டாக்டர் மத்தியானத் தூக்கத்திலிருந்து பனியனோடு எழுந்து வந்தார். ஆட்டோவில் வழி முழுக்க நான் நித்யாவைக் கூப்பிட்டுக்கொண்டே வந்தேன். இடது பக்கம் கூப்பிட்டால் திரும்பினாள். வலது பக்கம் கூப்பிட்டால் திரும்பவில்லை. 

டாக்டர் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு பார்த்தார். "என்ன இது, கல்லா, பல்லா?"

"மீனோட காதுக்கல்லுங்க டாக்டர்."

"மனுஷக் காதுல என்ன செய்யுது?"

கல்லுக்காரர் நித்யாவைப் பார்த்தார், நித்யா என்னைப் பார்த்தாள்.

டாக்டர் நீளமான ஒரு எவர்சில்வர் இடுக்கியை எடுத்தார். எனக்கு அந்த நிலையிலும் கண் கல்லுக்காரர் பக்கம் போனது. வெள்ளி டம்ளரையே திருப்பி அனுப்பிய மனிதர். அவர் இடுக்கியைப் பார்த்தார்; நித்யாவின் முடியைக் காதிலிருந்து ஒதுக்கிவிட்டார். டாக்டர் ஒரு தடவை முயன்றார். நித்யா துள்ளினாள். இடுக்கி வழுக்கியது. டாக்டர் நிமிர்ந்தார்.

"நல்லா இறுகியிருக்கு. முழுசா எடுக்கணும்னா நாளைக்கு ஆஸ்பத்திரியில மயக்க மருந்து குடுத்துத்தான் எடுக்கணும். இப்பவே எடுக்கணும்னா உள்ளேயே நொறுக்கித் துண்டு துண்டா எடுக்கலாம். பிள்ளை அசையாம இருக்கணும். கல்லு ஏதாச்சும் விலையானதுங்களா?"

திங்கட்கிழமை ரயில், மெஷின், கைடு சொன்ன எண்ணிக்கை, மழைக்காலம் முழுக்க அலைந்த அலைச்சல் எல்லாம் எனக்கே தெரியும். அவருக்குத் தெரியாதா?

"சும்மா ஒரு மீனோட கல்லுங்க டாக்டர்," என்றார். "நொறுக்கிப்போடுங்க."

பிறகு நாற்காலிக்கு முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்து, நித்யாவின் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.  அவர் கை ஆடவில்லை.

"மாமா, வலிக்குமா?"

"கொஞ்சம் வலிக்குங் கண்ணு. என்ற மூக்கையே பாரு. அந்த மீனு இருக்குதில்ல, அது எவ்வளவு பெரிசு தெரியுமா? உன்றளவு. வயசானது. எத்தனையோ வலைக்குத் தப்பிச்சது."

"அப்பறம் எப்படி மாட்டுச்சு?"

"அதுவும் அவங்கம்மா பேச்சைக் கேக்கல."

அவள் சிரிக்கும் அந்த ஒரு நொடியில் டாக்டர் இடுக்கியை அழுத்தினார். சின்னதாக ஒரு சத்தம். வெள்ளைத் துணுக்குகள் ஒவ்வொன்றாகப் பஞ்சில் வந்து விழுந்தன. கல்லுக்காரர் அந்தப் பஞ்சைப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். கிளிஞ்சல் உடைந்தது போல இருந்தது. அவ்வளவுதான்.

டாக்டர் காதைத் துடைத்துவிட்டு, நித்யாவின் பின்னால் போய் நின்று, அவளுடைய இடது காதைக் கையால் பொத்திக்கொண்டு, மெதுவாகக் கேட்டார்: "உன் பேரென்ன?"

பதில் இல்லை.

இன்னும் கொஞ்சம் சத்தமாக: "பாப்பா, உன் பேரென்ன?"

பதில் இல்லை.  கல்லுக்காரர் மண்டியிட்டபடியே டாக்டரை நிமிர்ந்து பார்த்தார். டாக்டர் முன்னால் வந்து, "கேக்கலையா கண்ணு?" என்றார்.

"கேக்குது," என்றாள் நித்யா. "தெரியாதவங்க கேட்டாப் பேர் சொல்லக் கூடாதுன்னு அம்மா சொல்லியிருக்காங்க."

வாழ்க்கையில் அவள் என் பேச்சைக் கேட்ட ஒரே சந்தர்ப்பம் அது.

காதுச் சவ்வில் லேசான கீறல் இருக்கிறது, ஆறிவிடும், கொஞ்ச நாள் கவனித்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் மருந்து எழுதிக் கொடுத்தார். 'கவனித்துக்கொள்ளுங்கள்' என்ற சொல்லை என்னைப் போன்ற அம்மாவிடம் சொல்லக் கூடாது. நான் ராத்திரி பகல் கவனித்தேன். கடிகாரத்தைக் காதருகே பிடித்தேன். கரண்டியைக் கீழே போட்டுத் திரும்புகிறாளா என்று பார்த்தேன். எங்கள் வீட்டில் அந்த மாதம் விழாத பாத்திரம் இல்லை.

கல்லுக்காரர் மறுநாள் ரயிலேறவில்லை. எண்ணிக்கை குறைந்த கல்லோடு வந்து மெஷின் நேரத்தை வீணடிக்க வேண்டாம் என்று கைடு சொல்லிவிட்டாராம். அடுத்த நேரம் கிடைக்க ஒரு வருஷம் ஆகும். இதையும் அவர் எங்களிடம் சொல்லவில்லை. மறுபடி ஐஸ் டப்பாவோடு பஸ்ஸுக்குக் கிளம்பியவரைப் பார்த்து ருக்குமணியக்கா மடக்கிக் கேட்டுத்தான் தெரிந்தது. நான் அவரிடம் ஆட்டோவுக்கு முன் கேட்ட கேள்விக்காக மன்னிப்புக் கேட்கப் போனேன். நான் வாயைத் திறக்குமுன் அவரே, "ஏனுங்க, பாப்பாவுக்கு இன்னைக்கு எப்படிக் கேக்குதுங்க?" என்றார்.

"தெரியிலீங்களே. கேக்குதுன்னுதான் சொல்றா. அவ சொல்றதை எப்படி நம்பறது?"

"அதுக்கு ஒரு முறை இருக்குதுங்க," என்றார். எதையும் அளந்து பார்க்காமல் விடுகிற மனிதரா அவர்?

அன்றிலிருந்து பவுண்டரி விட்டு வரும்போது எங்கள் கேட்டுக்கு வெளியே நின்று, சாதாரணக் குரலில், "நித்யாக் கண்ணு" என்று ஒரு தடவை கூப்பிடுவார். அவள் உள்ளேயிருந்து ஓடுவாள். சில நாள் கழித்து, பக்கத்து வீட்டு வாசலிலிருந்து. அப்புறம் கரண்ட் கம்பத்தடியிலிருந்து. அப்புறம் தெருக் குழாயிலிருந்து. குரலை மட்டும் ஒரு நாளும் ஏற்ற மாட்டார். அவள் ஓடிவந்து சேர்ந்ததும், கூட்டிக்கொண்டு வந்து என்னிடம் ஒப்படைத்துவிட்டு அறிக்கை கொடுப்பார்: "அம்மணி, இன்னைக்கு மளிகைக் கடைகிட்டருந்துங்க. முதல் தடவையிலயே கேட்டுது." நான் அதைக் கேட்ட பிறகுதான் அன்றைய சோற்றை நிம்மதியாகச் சாப்பிடுவேன். என் குரலுக்கு முதல் தடவையில் அசையாத பெண், அவர் குரலுக்கு எப்படி ஓடுகிறாள் என்பது மட்டும் எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அந்த வருஷமே கடற்கரை ஊர் ஒன்றில் மீன் ஆராய்ச்சிக் கூடத்தில் அவருக்கு வேலை கிடைத்தது. இனிப் பஸ்ஸில் தலை சுமக்க வேண்டியதில்லை. பிளாஸ்டிக் தட்டு, பிளாஸ்டிக் டப்பா, பிளாஸ்டிக் கரண்டி எல்லாம் ஒரு ஆட்டோவில் அடங்கிவிட்டன. ருக்குமணியக்கா அழுது மூக்கைச் சிந்தி, கட்டுச்சோறு கொடுத்தார். நான் சமையலறையிலிருந்தே, "போயிட்டு வாங்க," என்று சொன்னேன். வாசலுக்குப் போனால் நானும் அழுதுவிடுவேன் என்று தெரியும். டைப்பிஸ்ட் வேலை பார்க்கிற பெண், யாரோ ஒரு மாடி வீட்டுக்காரருக்காக அழுதால் தெரு என்ன சொல்லும்?

ஆட்டோ புறப்பட்ட சத்தம் கேட்டது. தெருமுனை தாண்டி, சத்தி ரோட்டில் திரும்புகிற இடத்தில் அது நின்றிருக்க வேண்டும். அவ்வளவு தூரத்திலிருந்து அவர் அதுவரை கூப்பிட்டதில்லை. பஸ் சத்தம், லாரி சத்தம் எல்லாவற்றுக்கும் நடுவே, ஏற்றாத அதே குரல் வந்தது: "நித்யாக் கண்ணு."

அவள் செருப்புக்கூடப் போடாமல் ஓடினாள்.

எனக்கும் கேட்டது. அரிசி களைந்துகொண்டிருந்தவள் குழாயை மூடிவிட்டு, இன்னொரு தடவை கூப்பிடுவாரா என்று அப்படியே நின்றேன்.